அன்றைய சீவல்

பனம்பாளையைச் சீவும்போது விழுகிற சீவல் ஓர் அரிசிக் கனத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 1974-ல், எனக்கு 17 வயதானபோது, ஒரு மாசி மாத விடியலில் அப்பா என்னைத் தொழிலுக்கென்று மரத்தில் ஏற்றினார். அன்றைக்கு அவர் சொல்லித் தந்த ஒரே பாடம் அதுதான். ஏறுவது எப்படி என்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. நுங்குக்கு ஆசைப்பட்டுப் பத்து வயதிலேயே எல்லோரும் ஏறிவிடுவோம். சீவுவதுதான் தொழில்.

தூத்துக்குடி மாவட்டத்தில் செம்மணல் தேரியை ஒட்டிக் கிடக்கிறது எங்கள் ஊர். நல்ல உயரமான மரத்தின் உச்சிக்குப் போனால் மெய்ஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் தெரியும். முதலூர் என்று ஒரு கிறிஸ்தவ ஊர் 1799-ல் உண்டானதிலிருந்து இந்தப் பக்கம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் பனையேறிகள். என் தாத்தாவுக்குத் தாத்தா எப்போது வேதத்துக்கு வந்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் கையிலும் பாளை அரிவாள்தான் இருந்திருக்கும்.

தை பிறந்ததும் மரத்தைக் கழிப்போம். காய்ந்த ஓலை, பழைய மட்டை, பன்னாடை எல்லாவற்றையும் அரிந்து கீழே தள்ளினால்தான் பாளைக்குக் கை எட்டும். ஆண்பனை முந்திக்கொள்ளும், பெண்பனை பின்னால் வரும். பாளையைக் கடிப்பு வைத்துச் சில நாள் இடுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டால் பதநீர் சொட்டத் தொடங்கும். காலையில் ஏறி இறக்கிச் சீவ வேண்டும். மாலையில் ஏறித் திரும்பவும் சீவ வேண்டும். ஒரு நாள் தவறினாலும் சீவிய முகம் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அப்போது எனக்கு 40 மரம். காலில் தளைநார், நெஞ்சில் தோல், இடுப்பில் அரிவாள் பெட்டி. ஒரு நாளைக்கு 80 ஏற்றம், 80 இறக்கம்.

சித்திரை, வைகாசியில்தான் பனை நன்றாகச் சுரக்கும். கிணறு வற்றி, ஆட்டுக்குக் கடிக்க ஒரு பச்சை இல்லாமல், தேரி மணலில் கால் வைக்க முடியாமல் இருக்கிற அந்த நாட்களில்தான் உச்சியில் கலயம் நிறையும். சின்ன வயதில் இது எனக்கு விசேஷமாகப் படவில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று வேருக்குத் தெரியும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

1976-ல் அக்காவுக்குக் கல்யாணம். கருப்பட்டி வியாபாரி ஒருவரிடம் முன்பணம் வாங்கினோம். ஆடிக்குள் சரக்காகக் கொடுத்து அடைக்க வேண்டும், விலை அவர் வைப்பதுதான். எட்டு, பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். நான் இரவெல்லாம் மல்லாந்து படுத்து இதையே கணக்குப் போடுவேன். இத்தனை மரம், இத்தனை பாளை, இத்தனை லிட்டர், இத்தனை கிலோ. எப்படிப் போட்டாலும் கணக்கு கடைசியில் இடித்தது. அதனால் யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். சீவலைக் கொஞ்சம் கனமாக எடுக்க ஆரம்பித்தேன். ஆழமாக வெட்டினால் அதிகமாக ஊறும் என்று நினைப்பு.

கலயம் கூடுதலாக நிறையவில்லை. பாளைதான் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் சீவ வேண்டிய பாளைகள் மூன்று வாரத்திலேயே அடிக்கு வந்துவிட்டன. அப்பா ஒருநாள் என் மரத்தடியில் உட்கார்ந்து, மணலில் கிடந்த சீவல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் இறங்கியதும் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“ஏலே, இது இன்னைக்கிச் சீவலா, நாளைக்கிச் சீவலா?”

நான் பேசவில்லை.

“நாளைக்கிப் பாளைய இன்னைக்கே சீவிட்டா, நாளைக்கி எதச் சீவுவ?”

அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அன்று ராத்திரி ஜெபத்தில் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை என்னை வாசிக்கச் சொன்னார். வனாந்தரத்தில் மன்னா விழுந்த கதை. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தும், சிலர் மறுநாளுக்கென்று ஒளித்து வைத்தார்கள். விடிந்து பார்த்தால் புழுத்து நாறியது. பதநீரும் அப்படித்தான். உச்சிப்பொழுதுக்குள் தாச்சிச் சட்டியில் ஏற்றாவிட்டால் சுண்ணாம்பு போட்டிருந்தும் கெட்டுப்போகும். அந்த அதிகாரத்தைப் படிக்கிறபோது மன்னாவை நான் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. கொஞ்சம் கள்வாடையோடு.

கடன் அந்த ஆடியில் அடையவில்லை, அடுத்த வருஷ ஆடியில்தான் அடைந்தது. நாங்கள் ஜெபித்தோம், பணம் வானத்திலிருந்து விழுந்தது என்று நான் எழுத மாட்டேன். விழவில்லை. ஆனால் அந்த இரண்டாவது வருஷம் நான் சீவலை அரிசிக் கனத்துக்குக் கொண்டுவந்திருந்தேன், பாளைகள் பருவம் முழுக்க நின்று கொடுத்தன. அது மட்டும் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். ஓர் அறுப்பின் பண்டிகையில், பீடத்துக்கு முன்னால் கருப்பட்டியும் பனங்கிழங்கும் குவிந்து கிடக்க, ஐயர் மத்தேயு ஆறாம் அதிகாரத்தைப் பிரசங்கித்தார். பறவைகள் விதைப்பதில்லை, அறுப்பதில்லை, பரமபிதா அவற்றுக்கு உணவு தருகிறார். நான் வெளியே வந்து அப்பாவிடம் முணுமுணுத்தேன். “குருவி யார்கிட்டயும் முன்பணம் வாங்கலியே? வாங்கியிருந்தா தெரியும்.”

அப்பா சிரித்தார். “பாருங்கன்னுதானலே சொன்னாரு. நீ பாத்தியா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பகுதியில் இயேசு முதலில் செய்யச் சொல்வது நம்புவதை அல்ல, கவனிப்பதை. பறவையைக் கவனி, காட்டுப்பூவைக் கவனி என்கிறார். லூக்கா எழுதியதில் காகத்தைக் கவனிக்கச் சொல்கிறார். காகம்! கலயத்தில் அலகை விட்டுப் பதநீர் குடித்துவிட்டு, பாதியைக் கவிழ்த்துவிட்டும் போகிற காகம். எங்களுக்கு அதைவிடப் பெரிய விரோதி ராத்திரியில் வருகிற மரநாய் ஒன்றுதான். ஆனாலும் ஒரு நாளைக்கு 80 தடவை வானத்துக்குப் பக்கத்தில் போய்விட்டு வருகிறவன் நான். பார்க்க எனக்கு ஆகாதா என்ன?

பார்த்தேன். மரம் கழிக்கும்போது, தொங்குகிற காய்ந்த ஓலையின் உள்பக்கத்தில் ஒரு சின்னக் கூடு இருக்கும். இறகும் பஞ்சும் எச்சிலால் ஒட்டப்பட்டிருக்கும். பனை உழவாரன் என்று அதன் பெயரைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன், நாங்கள் பொதுவாகக் குருவி என்றுதான் சொல்வோம். அதன் கால் கொம்பில் உட்காரத் தோதான கால் இல்லை. பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும், பறந்துகொண்டே தண்ணீர் குடிக்கும், ஓலையில் தொற்றிக்கொண்டு தூங்கும். ஆனிக் காற்றில் ஓலை தலைகீழாகப் புரளும். முட்டை விழாது. முட்டையையும் எச்சிலால் கூட்டோடு ஒட்டிவைத்திருக்கும் அது.

இதைக் கண்ட அன்று வெகுநேரம் உச்சியிலேயே உட்கார்ந்திருந்தேன். காற்றை நிறுத்த அந்தக் குருவியால் முடியாது. காற்று வரும் என்று தெரிந்து ஒட்டிவைக்கத்தான் அதனால் முடியும். அது தன் வேலையைச் செய்திருக்கிறது, மிச்சத்தை ஓலையிடம் விட்டிருக்கிறது.

தூக்கணாங்குருவி வேறு மாதிரி. ஓலையை நார் நாராகக் கிழித்து, ஆண் குருவி நாள் கணக்காகப் பின்னும். பாதி முடிந்ததும் பெண் வந்து உள்ளே எட்டிப் பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் போய்விடும். ஆண் அந்தப் பாதிக் கூட்டை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததை ஆரம்பிக்கும். எங்கள் பனைகளில் அந்தப் பாதிக் கூடுகள் தொப்பியைக் கவிழ்த்தது போல ஆடிக்கொண்டிருக்கும். வேதத்துப் பறவைகள் உழைக்காமல் உட்கார்ந்து தின்கிறவை என்று நினைக்கிறவர்கள் ஒரு தரம் எங்கள் பனைவிளைக்கு வந்து பார்க்க வேண்டும். அவை உழைக்கின்றன, தோற்கவும் செய்கின்றன. தோற்றதை எண்ணிக்கொண்டு ஓலையில் சும்மா உட்கார்ந்திருக்கிற குருவியைத்தான் நான் பார்த்ததில்லை.

கூடு இருக்கிற ஓலையை அப்பா வெட்ட மாட்டார். “அது இருந்துட்டுப் போட்டும், பொறவு கழிச்சுக்கலாம்” என்பார். அந்த ஓலை முழங்கையில் இடித்துக்கொண்டே இருக்கும். நானும் பிற்பாடு வெட்டியதில்லை.

1983 ஆவணியில் அப்பா விழுந்தார். முந்தின ராத்திரி எதிர்பாராமல் ஒரு மழை. மரம் வழுக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். கலயங்களில் மழைத்தண்ணீர் நிறைந்து கிடக்கும், கொட்டிவிட்டுச் சுண்ணாம்பு தடவி வந்துவிடலாம் என்று ஏறினார். பாதி மரத்தில் தளைநார் அறுந்தது. கீழே மணலாக இருந்ததால் உயிர் தப்பியது. இடுப்பு தப்பவில்லை. அதன் பிறகு 11 வருஷம், பதநீர் காய்ச்சுகிற குடிசையான விடிலியின் ஓரத்தில் நார்க் கட்டிலிலேயே இருந்தார்.

அந்த முதல் மாதத்தில் எனக்கு வேதத்தின் மேலேயே கோபம். அடைக்கலான் குருவி ஒன்றுகூடப் பிதாவின் சித்தமில்லாமல் தரையில் விழாது என்று அதே மத்தேயு பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்படியானால் அப்பா? ஆஸ்பத்திரியில் இருந்து வந்து கட்டிலில் கிடந்தவரிடம் நேராகவே கேட்டேன். அவர் ஓலைக் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“குருவி விழாதுன்னு எங்கடா சொல்லியிருக்கு? விழும்போது பாக்க ஆளில்லாம விழாதுன்னுதான் இருக்கு.”

போதகம் படித்தவர்கள் இதை எப்படிச் சொல்வார்களோ தெரியாது. இடுப்பு ஒடிந்து கிடந்த ஒரு பனையேறி சொன்னது இது. நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

அவர் விழுந்த பிறகு எனக்கு மரத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. பாதி மரத்துக்குப் போனதும் தளைநார் நினைப்பு வரும். என் பிள்ளைகள் நினைப்பு வரும். நான் விழுந்தால் விடிலியில் இன்னொரு கட்டில் போட இடமிருக்கிறதா என்றுகூட யோசித்திருக்கிறேன். ஒருநாள் ஏறாமல் திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்தே அப்பா கண்டுபிடித்துவிட்டார்.

“பயமா, கவலையா?”

“ரெண்டும் ஒண்ணுதானப்பா?”

“இல்லலே. பயம் கைய மரத்துல வைக்கும். கவலை கைய எடுத்துரும். பயப்பட்டு ஏறு.”

அன்றிலிருந்து தினம் காலையில் தளைநாரை இழுத்துப் பார்ப்பேன், நனைத்துப் பார்ப்பேன், நைந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் திரிப்பேன். மழை பெய்த மரத்தில் ஒருநாள் போனால் போகட்டும் என்று ஏறமாட்டேன். பாளை காய்ந்தால் காயட்டும். அதுவரைக்கும்தான் என் வேலை. கால் தரையை விட்டுக் கிளம்பியதும் தளைநாரைப் பற்றி நினைப்பதில்லை. கை எங்கே, கால் எங்கே, அடுத்த பிடி எங்கே. கவனம் இருக்கிற இடத்தில் கவலைக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை. இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் நாம் ஒன்றை மற்றொன்று என்று நினைத்துக்கொள்கிறோம்.

கவலை என்ற சொல்லைப் பற்றி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் ஒருமுறை சொன்னார். பதநீர் குடிக்க விடிலிக்கு வருவார், ஓலைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். பழந்தமிழில் கவலை என்றால் ஒரு பாதை பல பாதையாகப் பிரிகிற இடமாம். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வழிப்போக்கன் நிற்கிற இடம். நான் அண்ணாந்து பனையைப் பார்த்தேன். ஆலுக்குக் கிளை உண்டு, வேம்புக்குக் கிளை உண்டு, உடைமரத்துக்கும் உண்டு. பனைக்கு இல்லை. ஒரே வழி, நேராக மேலே. “எங்க மரத்துக்குக் கவலையே இல்ல சார்” என்றேன். அவர் பட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஒரு தனிச் சங்கடம். ஆறாம் நாளில் மன்னா இரட்டிப்பாக விழுந்தது. பனை சனிக்கிழமை இரட்டிப்பாகச் சுரப்பதில்லை. ஞாயிறு சீவாவிட்டால் திங்கட்கிழமை பாளை காய்ந்திருக்கும். அதனால் ஞாயிறு மூன்று மணிக்கே எழுந்து இருட்டோடு ஏறுவோம். முதல் மணி அடிக்கும்போது பாதி மரம் முடிந்திருக்கும். இரண்டாம் மணிக்குள் குளித்து, வேட்டி கட்டி, நெஞ்சில் தோல் உரசின காந்தலோடு கோயிலில் உட்கார்ந்திருப்போம். ஓய்வுநாளை மீறுகிறோமோ என்று எனக்கு நெடுநாள் உறுத்தல் இருந்தது. இப்போது இல்லை. இருட்டில் உச்சியில் இருக்கும்போது கிழக்கே கடல் பக்கம் வெளுக்கும், குருவிகள் ஓலையை விட்டுக் கிளம்பும், கீழே கோயில் மணி கேட்கும். அதைவிட நல்ல ஆராதனையில் நான் இருந்ததில்லை.

என் மனைவியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது பாதிக் கதை. ஏறுகிறவனுக்குத்தான் பெயர், வேகிறவள் அவள். உடைமுள்ளும் காய்ந்த மட்டையும் போட்டு எரித்து, பதநீர் பொங்கி வழிய வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்கி, துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பதம் ஒரு நிமிஷம் முந்தினால் கருப்பட்டி இளகும், பிந்தினால் கருகும். மகளின் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டியிருந்த வருஷம், நான் பழையபடி ராத்திரியில் மல்லாந்து கணக்குப் போட ஆரம்பித்தேன். அவள் இருட்டில் கேட்டாள்.

“ஏங்க, சாயங்காலம் கலயத்துக்கெல்லாம் சுண்ணாம்பு தடவுனீங்களா?”

“தடவுனேன்.”

“மனசுக்கு?”

அதே பாளை, அதே கலயம், அதே சொட்டு. சுண்ணாம்பு இருந்தால் விடியும்போது பதநீர், இல்லாவிட்டால் கள். ராத்திரியில் சும்மா விட்ட நினைப்பு தானாகவே புளிக்கும் என்று எனக்குச் சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து இரண்டு பேரும் ஜெபித்தோம். பணம் அப்போதும் குறைவாகத்தான் இருந்தது. தூக்கம் வந்தது.

2015-ல் மரம் ஏறுவதை நிறுத்தினேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இப்போது எங்கள் ஊரில் ஏறுகிறவர்கள் நான்கே பேர். என் மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். செங்கல் சூளைக்கென்று லாரி லாரியாகப் பனைகள் போனதைக் கண்ணால் பார்த்தேன். பனை நம் மாநில மரம். 2021-ல்தான் கலெக்டர் அனுமதி இல்லாமல் அதை வெட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. அதற்குள் எங்கள் விளையில் பாதி காலியாகிவிட்டது. தொழில் என்ன ஆகும் என்பதுதான் கடைசியாக எனக்கு மிஞ்சிய கவலை. அதையும் அப்பா சொன்னபடி இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். இதில் என் கைக்கு எட்டுகிற வேலை ஏதாவது உண்டா?

உண்டு. ஆவணி, புரட்டாசியில் பழம் விழுகிறது. தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பார்கள். பனங்கொட்டை முதலில் மேலே வருவதே இல்லை. மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கு வைத்துவிட்டுத்தான் ஒரு குருத்தை அனுப்பும். பாளை விட 15, 20 வருஷம் ஆகும். சபை வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு வருஷாவருஷம் குளத்தங்கரையில் கொட்டை போடுகிறேன். அவற்றில் ஒன்றிலும் நான் ஏறப் போவதில்லை. போட்டுவிட்டு வந்து நன்றாகத் தூங்குகிறேன்.

கவலையோடு இருக்கிறவர்களிடம் மத்தேயு ஆறாம் அதிகாரத்தை வாசியுங்கள் என்று சொல்வார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் வாசித்ததோடு நிறுத்தாதீர்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலுக்கு வாருங்கள். பனை இல்லாவிட்டால் ஒரு வேம்பு, குருவி இல்லாவிட்டால் ஒரு காகம். பத்து நிமிஷம் வேறொன்றும் செய்யாமல் அதைப் பாருங்கள். பிறகு உள்ளே போய் அன்றைய வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசிக் கனம் போதும்.